நிரம்பிவிட்ட காலியிடம்

நன்றாக வேலை செய்கிற ஆளை வேலையிலிருந்து அப்புறப்படுத்த உலகத்தில் பல வழிகள் உண்டு. திட்டலாம். சம்பளத்தைப் பிடித்து வைக்கலாம். முதலாளியின் மைத்துனனைக் கொண்டுவந்து தலைக்கு மேல் உட்கார வைக்கலாம். மக்கள் நலப் பணியாளர் திட்டமிடல் மற்றும் மேம்பாட்டு இயக்ககம் இவை எல்லாவற்றையும் விட நாகரிகமான வழி ஒன்றைக் கண்டுபிடித்திருந்தது. அது அவரை மேம்படுத்தியது.

நர்சம்மா அப்படித்தான் மேம்படுத்தப்பட்டார்.

அவர் உண்மையில் நர்ஸ் இல்லை. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் வீடுகளுக்குப் போய் உடம்பு துடைத்து, துணி மாற்றி, பக்கம் மாற்றிப் படுக்க வைக்கிற பராமரிப்புப் பணியாளர். இயக்ககம் அவரைக் கள உதவி வளம் என்று அழைத்தது. தெரு முழுக்க அவர் நர்சம்மாதான். பூட்டுக்கடைக்கு மேல்மாடியில், பூட்டுக்கடைக்காரரின் அக்காவைப் பார்த்துக்கொள்ள அவர் தினமும் வந்துகொண்டிருந்தார்.

அக்காவுக்குப் பக்கவாதம். உடம்பில் இடப்பக்கம் முழுவதும் போய்விட்டது. வாய் போகவில்லை. நடமாடிய காலத்தில் கல்லாவில் உட்கார்ந்து, பூட்டு வாங்க வந்தவனிடம் சாவியைத் தனி விலைக்கு விற்கப் பார்த்தவள் அவள். இப்போது படுத்தபடியே நர்சம்மாவிடம் குளிக்கிற நேரத்துக்குப் பேரம் பேசுவாள். நர்சம்மாவும் சளைக்காமல் பேசிக்கொண்டே அவளை அலுங்காமல் தூக்கி, ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்துவிடுவார். பேரம் முடிவதற்குள் குளியல் முடிந்துவிடும்.

ஒரு நாள் காலை நர்சம்மா விடைபெற வந்தார்.

“நாளையிலருந்து வரமாட்டேன்கா. என்னை மேம்படுத்தப் போறாங்களாம்.”

“உனக்கு என்னடி குறைச்சல்?” என்றாள் அக்கா.

“குறைச்சல் இல்லைன்னுதான் எடுக்கிறாங்களாம். நல்லா வேலை செய்றவங்களை முதல்ல மேம்படுத்தணும்னு உத்தரவு.”

“அப்ப எனக்கு யாரு?”

“கேட்டேன். அதுக்குத் தனிப் பிரிவு இருக்குன்னாங்க.”

அடுத்த வாரமே தெருமுனை டாக்டர் வந்து அக்காவின் இடுப்புக்குக் கீழே பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். வால் எலும்பு இருக்கும் இடத்தில் தோல் சிவந்து, தொட்டால் சுட்டது.

“படுக்கைப்புண்ணுக்கு முந்தின கட்டம் இது,” என்றார், பூட்டுக்கடைக்காரரை மாடிப்படிக்கு அழைத்துவந்து. “ரெண்டு மணிக்கொரு தடவை பக்கம் மாத்தணும். இழுத்துத் தள்ளக்கூடாது, தூக்கி மாத்தணும். இழுத்தா தோல் உரிஞ்சிரும். சர்க்கரை இருக்கிற உடம்பு. புண்ணு வாய் திறந்துருச்சுன்னா என்கிட்ட வராதீங்க, என்னால மூட முடியாது.”

பூட்டுக்கடைக்காரர் குடலிறக்க ஆபரேஷன் ஆனவர். அக்காவோ அவரைப் போல இரண்டு பங்கு எடை. பக்கத்து வீட்டுத் தையல்காரியும் அவருமாகச் சேர்ந்து மூச்சைப் பிடித்துத் தூக்கினால் பாதி தூக்கியும் பாதி இழுத்தும்தான் திருப்ப முடிந்தது. ஒவ்வொரு தடவையும் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, “விலைக்கு வாங்கின சாக்கு மூட்டையைக்கூட இதைவிடப் பதமா இறக்குவான்,” என்றாள்.

கடையைப் பூட்டிவிட்டு அவர் இயக்ககத்துக்குப் போனார்.

ஆள் பற்றாக்குறையைக் கவனிக்கிற அலுவலகத்தில் இவ்வளவு ஆட்களை அவர் எதிர்பார்க்கவில்லை. வரிசை வரிசையாக மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் ஒருவர். முதல் மேசையில் இருந்த அம்மாள் பேசிக்கொண்டே மேசைவிரிப்பின் மூலையை எடுத்து, ஆஸ்பத்திரிக் கட்டில் விரிப்பை மடிப்பதுபோல் கச்சிதமாக மடித்துச் செருகினார்.

“நீங்க முன்னாடி ஆஸ்பத்திரியிலயா?” என்று கேட்டார் பூட்டுக்கடைக்காரர்.

“வார்டுல இருந்தேன். நல்லா பண்றேன்னு இங்க கொண்டுவந்துட்டாங்க.”

“இங்க என்ன வேலை?”

“வார்டுல ஏன் ஆள் இல்லைன்னு ஆராய்ச்சி,” என்றார் அந்த அம்மாள். முகத்தில் எந்த மாறுதலும் இல்லை. “உங்களுக்கு என்ன வேணும்?”

“எங்க வீட்டுக்கு வந்துக்கிட்டிருந்த ஆளை நிறுத்திட்டீங்க. வேற ஆள் வேணும்.”

“நிறுத்தலை. மேம்படுத்தியிருக்கோம்.”

“சரி. மேம்படாத ஆள் ஒருத்தரை அனுப்புங்க.”

“இடம் காலியா இருந்தாத்தானே அனுப்ப முடியும்?”

“காலிதாங்க. ஆள் போய் ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு.”

“உங்க அக்கா எப்படி இருக்காங்க?”

“படுத்திருக்கா.”

“சாப்பிடுறாங்களா? துணி மாத்துறாங்களா? உயிரோட இருக்காங்க இல்ல?” அந்த அம்மாள் பரிவோடு முன்னால் சாய்ந்தார். “அப்ப யாரோ பார்த்துக்கிறாங்கன்னுதானே அர்த்தம். இப்படி எல்லாரும் காலி காலின்னு வந்து நின்னா நாங்க எதை நம்புறது? காலியிடத்தை நேர்ல பார்த்துத்தான் முடிவு பண்ணுவோம். ஆய்வாளர் வருவார்.”

பேரத்தில் எதிராளி சரக்கைக் குறை சொல்வதைப் பார்த்திருக்கிறார் பூட்டுக்கடைக்காரர். சரக்கு இல்லாமல் போனதைக் குறை சொல்லி அவர் பார்த்ததில்லை. எழுந்து வந்தார்.

காலியிட ஆய்வாளர் ஒரு மதியம் வந்தார். மெலிந்த, மரியாதையான மனிதர். கையோடு தண்ணீர் பாட்டிலும் நாற்காலிக்கு ஒரு சின்ன மெத்தையும் கொண்டுவந்திருந்தார். கட்டிலுக்கு எதிரே மெத்தையைப் போட்டு உட்கார்ந்து விதிமுறையை விளக்கினார். சாயங்காலம் வரை அவர் பார்த்துக்கொண்டிருப்பார். அதுவரை அந்த அம்மாவை யாரும் தொடக்கூடாது. யாரும் தொடாவிட்டால் அந்த இடத்தில் ஆள் இல்லை என்பது உறுதி. தொட்டால், ஆள் இருக்கிறது.

“யாருடா இவன்?” என்றாள் அக்கா.

“இங்க ஆள் இல்லைன்னு பார்க்க வந்திருக்கார்கா.”

“எதிர்ல ஒரு ஆளா உட்கார்ந்துக்கிட்டா?”

“நான் கணக்குல வரமாட்டேன்மா,” என்றார் ஆய்வாளர்.

“அது பார்த்தாலே தெரியுது.”

முதலில் அக்காவுக்கு இது பொழுதுபோக்காக இருந்தது. ஆய்வாளருக்குச் சம்சாரம் உண்டா, அந்த அம்மாள் அவரை எதற்காக வெளியே அனுப்பிவைக்கிறாள் என்றெல்லாம் விசாரித்தாள். அவரும் பொறுமையாகப் பதில் சொன்னார். பக்கம் மாற்றுகிற நேரம் வந்து, கடந்தும் போயிற்று. அக்காவின் பேச்சு குறைந்தது. அடியில் போட்டிருந்த துணி நனைந்துவிட்டது என்று வாடை சொன்னது. சரக்கு எவ்வளவு அவசரமாக வேண்டியிருந்தாலும் விற்பவன் எதிரில் முகத்தில் காட்டாமல் வளர்ந்தவள் அவள். இப்போதும் கூரையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் கிடந்தாள். நல்ல கை மட்டும் கட்டிலின் சட்டத்தைப் பிடித்திருந்தது. விரல் முட்டிகள் வெளுத்துக்கொண்டே வந்தன.

பூட்டுக்கடைக்காரர் எழுந்தார்.

“யோசிச்சுக்குங்க,” என்றார் ஆய்வாளர் தாழ்ந்த குரலில். “தொட்டா நிரம்பிடும்.”

பூட்டுக்கடைக்காரர் ஜன்னல் வழியாகத் தையல்காரியைக் கூப்பிட்டார். இரண்டு பேருமாக அக்காவைத் திருப்பி, துடைத்து, துணி மாற்றினார்கள். ஆய்வாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், பண்பு தெரிந்தவர். எல்லாம் முடிந்ததும் பேனாவை மூடினார்.

“நிரம்பியது. வாழ்த்துகள்.”

“சார், இது நீங்க வந்ததால இவ்வளவு நேரம்...”

“புரியுது. எல்லா வீட்டுலயும் இப்படித்தான். கடைசி வரைக்கும் யாரும் தாங்கிக்கிறதில்ல.”

“தாங்கினவங்க உண்டா?”

ஆய்வாளர் மெத்தையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு யோசித்தார். “ஒரு வீட்டுல தாங்கினாங்க. காலியிடம் பிசிறில்லாம நிரூபணமாச்சு. ஆள் போறதுக்குள்ள தேவை முடிஞ்சு போச்சு.”

அடுத்த நாள் இயக்குநரே பூட்டுக்கடைக்காரரை வரச் சொன்னார். பெரிய அறை. சுவரில் ஒரு வளைகோடு மேலே ஏறிக்கொண்டிருந்தது. நாட்டில் ஆள் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதைக் காட்டுகிற கோடு அது. மேலே போகிற எதையும் பார்த்தால் மனிதனுக்கு ஏற்படுகிற பூரிப்பு இயக்குநர் முகத்தில் இருந்தது.

“நான் இந்தப் பொறுப்புக்கு வந்தப்ப எங்கெங்க ஆள் குறையுதுன்னு யாருக்குமே தெரியாது. இருட்டு. இன்னைக்குக் கேளுங்க. எந்தத் தெரு, எந்த வீடு, எந்தக் கட்டில், சொல்லுவோம். இதுக்காகவே களத்துல இருந்த திறமைசாலிகளை எல்லாம் பொறுக்கி எடுத்து இங்க உட்கார வெச்சிருக்கேன். ஒருத்தரைக்கூட வீணா வெளியில விடலை.”

“அதாங்க நான் கேட்கிறதும். வெளியில...”

“ஆள் இருக்கிறப்ப திட்டம் போட யாருக்கும் முடியும். ஆளே இல்லாதப்ப போடுறதுலதான் சாமர்த்தியம்.” இயக்குநர் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். “உங்க விஷயத்துல எனக்கு ரொம்ப சந்தோஷம். ஒரு காலியிடத்தை நீங்களே நிரப்பியிருக்கீங்க. இனி நீங்க எங்க ஆளு. இயற்கைப் பணியாளர்னு ஒரு வகை வெச்சிருக்கோம்.”

“சம்பளம்?”

“கூடப்பிறந்த பாசத்துக்கு விலை வைக்க நான் யாருங்க?”

பூட்டுக்கடைக்காரர் வாழ்நாளில் எத்தனையோ விதமான தள்ளுபடி கேட்டவர்களைப் பார்த்தவர். முழு விலையையும் தள்ளுபடியாகக் கேட்டவரை, அதுவும் கண் கலங்கிக்கொண்டு கேட்டவரை, அன்றுதான் பார்த்தார்.

“எங்க ஆளுன்னு ஆனதால நீங்க பயிற்சிக்கு வரணும்,” என்று தொடர்ந்தார் இயக்குநர். “வரலைன்னா குடும்பமே சேவையை மறுத்ததா ஆகிடும். பேரை எடுத்துருவோம்.”

“நான் இங்க வந்துட்டா அங்க அக்காவை யாரு பார்ப்பா?”

“அந்த இடத்துல இருக்கிற ஆளு பார்த்துப்பாரு.”

“அந்த ஆளு நான்தானே?”

“பாருங்க, பொறுப்புன்னா இதான்,” என்று இயக்குநர் அவர் தோளைத் தட்டினார்.

அவர் மறுத்திருப்பார். ஆனால் வெளியே வரும்போது விசாரித்ததில் நர்சம்மா அதே பயிற்சிக் கூடத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். சரக்கு எந்தக் கிடங்கில் அடைந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது. தையல்காரியின் காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொண்டு அக்காவை அவளிடம் ஒப்படைத்துவிட்டு, மறுநாளே பயிற்சிக்குப் போனார்.

பயிற்சிக் கூடம் மூன்றாம் மாடியில் இருந்தது. உள்ளே நூறு பேருக்குக் குறையாமல் பராமரிப்புப் பணியாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவரும் ஏதோ ஒரு வீட்டிலிருந்தோ வார்டிலிருந்தோ பிடுங்கி வரப்பட்டவர். நடுவில் ஒரு கட்டில். கட்டிலில் ரப்பரால் செய்த ஆளுயரப் பொம்மை. அதற்கு மாதிரி நோயாளி என்று பெயர். கட்டில் ஓரத்தில், கையில் ஒரு பிரம்போடு, நர்சம்மா.

“முதல் பாடம், இடப்பக்கம் திருப்புதல்,” என்று அவர் சொன்னார். நூறு பேரும் எழுதிக்கொண்டார்கள். ஒருவர் வந்து பொம்மையை இடப்பக்கம் திருப்பினார். கையை எடுத்ததும் பொம்மை தன் எடையில் தானாக மல்லாந்தது. அடுத்தவர் வந்து இடப்பக்கம் திருப்பினார்.

தேநீர் இடைவேளையில் பூட்டுக்கடைக்காரர் நர்சம்மாவை மடக்கினார்.

“அக்கா எப்படி இருக்காங்க?” என்று முந்திக்கொண்டு கேட்டார் நர்சம்மா.

“சிவப்பு போகலை. டாக்டர் பயப்படுறார்.”

“தூக்குறீங்களா, இழுக்குறீங்களா?”

“என்னால ஆனது.”

நர்சம்மா தேநீரைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார். “நான் இங்க வந்ததுலருந்து உயிருள்ள உடம்பைத் தொடலைண்ணே. இதோ இவங்க யாருமே தொடலை. புதுசா யாரும் வரலை, எல்லாரும் இந்த வேலையே பார்த்தவங்க. இவங்களுக்கு நான் எப்படிப் புரட்டுறதுன்னு சொல்லித் தர்றேன். எழுதிக்கிறாங்க.”

“வந்துடும்மா. எங்க வீட்டுக்கே நேரா வந்துடு. பேசிக்கலாம்.”

“விட்டா மறுபடி சேர்க்க மாட்டாங்க. பொண்ணு படிச்சுக்கிட்டிருக்கா.”

பூட்டுக்கடைக்காரர் தன் இடத்துக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

பொம்மை அந்த வாரம் இடுப்போடு கழன்று விழுந்தது. இத்தனை கெட்டிக்காரக் கைகள் ஒரே பக்கமாகத் திருப்பினால் இரும்பே கழன்றுவிடும். மாதிரி நோயாளி இல்லாமல் பயிற்சி நடத்தக்கூடாது. நடத்தாமல் நிறுத்தவும் கூடாது. நூறு பேரும் வெறும் கட்டிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். புதுப் பொம்மைக்குத் தேவை இருக்கிறதா என்று பார்க்கக் காலியிட ஆய்வாளர் வந்து, மெத்தையைப் போட்டு, அந்தக் கட்டிலுக்கு எதிரே அமர்ந்தார்.

பூட்டுக்கடைக்காரருக்கு அப்போது ஒரு யோசனை தோன்றியது. இவர்கள் ஆளை நோயாளியிடம் அனுப்பமாட்டார்கள். நோயாளியை ஆளிடம் அனுப்பினால் என்ன? அவர் நேரே இயக்குநர் அறைக்குப் போனார்.

“உங்களுக்குப் பொம்மை வர நாளாகும். எங்கிட்ட ஒண்ணு இருக்கு. அசல்.”

இயக்குநர் கண்ணை மூடி யோசித்தார். “பொம்மை பேசாதே?”

“எங்க அக்கா பேசும். அதைப் பேசி முடிச்சிரலாம்.”

வீட்டில் பேரம் கடினமாக இருந்தது.

“நான் பொம்மையாடா?”

“வேலைக்குத்தான் பொம்மை. நூறு பேரு மாத்தி மாத்திப் புரட்டுவாங்கக்கா. எல்லாம் தேர்ந்த கை. நர்சம்மாவும் பக்கத்துல இருக்கும்.”

அக்கா கூரையைப் பார்த்தாள். “சரி.”

“பேசக்கூடாதாம்.”

“அப்ப வேண்டாம்.”

“டீ நேரத்துல பேசிக்கலாம்.”

“எத்தனை டீ?”

“ரெண்டு.”

“மூணாக்கு. வர்றேன்.”

அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக இயக்ககத்திடம் எத்தனையோ முறை வண்டி கேட்டும் வந்ததில்லை. பயிற்சிப் பொருள் என்றதும் மறுநாள் காலையிலேயே வேன் வந்தது. நான்கு சுமைதூக்கிகளும் வந்தார்கள். மூன்று மாடியும் அலுங்காமல் தூக்கிக்கொண்டு போய்க் கூடத்தின் நடுவே கட்டிலில் கிடத்தினார்கள்.

முதல் ஆள் வந்தார். கைகளைச் சூடாக்கித் தேய்த்துக்கொண்டு, தோளுக்கு ஒன்றும் இடுப்புக்கு ஒன்றுமாகக் கொடுத்து, பூவைத் திருப்புவதுபோல் இடப்பக்கம் திருப்பினார். அக்காவின் முகம் தளர்ந்தது. வாரக்கணக்கில் அப்படித் தளர்ந்து பூட்டுக்கடைக்காரர் பார்க்கவில்லை. சுவரோரமாக நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

பாடம் அதோடு முடிந்ததால் அந்த ஆள் கையை எடுத்தார்.

அக்கா மல்லாந்து விழுந்தாள். சிவந்திருந்த இடத்தில், முழு எடையோடு. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மேற்பார்வைக்கு நின்றிருந்த அதிகாரி குறித்துக்கொண்டார்: மாதிரி நோயாளி ஒலி எழுப்பியது.

“விடாதீங்க, பிடிங்க,” என்று பூட்டுக்கடைக்காரர் ஓடிவந்தார். “முதுகுக்கு ஒரு தலையணை கொடுங்க, அப்படியே நிக்கும்.”

“தலையணை மூணாம் பாடம்,” என்றார் அதிகாரி.

“அப்ப வலப்பக்கமாவது மெதுவாத் திருப்புங்க.”

“அது ரெண்டாம் பாடம். ஒப்புதலுக்குப் போயிருக்கு.”

அடுத்தவர் வந்தார். திருப்பினார், பதமாக. பிறகு கண்ணை மூடிக்கொண்டு கையை எடுத்தார். எல்லோருக்கும் தெரிந்தது. முதுகுக்குக் கை கொடுத்துப் பழகியவர்கள்தான் அத்தனை பேரும்; வரிசையில் நின்றவர்களின் கைகள் தாமாகவே நீண்டு, மேற்பார்வை அதிகாரியைப் பார்த்ததும் குறிப்பேட்டுக்குத் திரும்பின. அடுத்தவர் வந்தார். அதற்கடுத்தவர் வந்தார். அக்கா ஒப்புக்கொண்டபடி பேசவில்லை. பேச்சு மாறுவது அவள் கடைப் பழக்கம் இல்லை.

சில பேர் கழித்து நர்சம்மா பிரம்பால் வரிசையை நிறுத்தினார். குனிந்து, அக்காவின் இடுப்புக்கு அடியில் விரித்திருந்த வெள்ளைத் துணியைப் பார்த்தார். ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ரத்தம்.

அவர் பிரம்பைக் கட்டில் காலில் சாய்த்துவைத்துவிட்டு இயக்குநர் அறைக்குப் போனார். பூட்டுக்கடைக்காரர் பின்னாலேயே ஓடினார்.

“நான் வேலையை விடுறேன் சார்.”

இயக்குநர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “நிஜமாவா?”

“இப்பவே.”

“உட்காருங்கம்மா, உட்காருங்க. என்ன சாப்பிடுறீங்க?” அவரே நாற்காலியை இழுத்துப் போட்டார். இந்தக் காலாண்டுக்குள் தேர்ந்த பணியாளர்களில் கொஞ்சம் பேர் விலகிவிடுவார்கள் என்று திட்டத்தில் அவர் உறுதியாக எழுதியிருந்தார். ஆனால் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிற இடத்தை விட்டு ஒருத்தரும் விலகவில்லை. கணிப்பு என்ன ஆயிற்று என்று மேலிடத்திலிருந்து கேட்க ஆரம்பித்திருந்தார்கள். “என் மானத்தைக் காப்பாத்திட்டீங்க. உங்களைச் சும்மா அனுப்ப முடியாது. விழா எடுத்துத்தான் அனுப்புவேன்.”

“அந்த அம்மாவுக்குத் தோல் கிழிஞ்சிருச்சு சார். உடனே கூட்டிட்டுப் போகணும்.”

“விழா முடிஞ்சதும் போலாம். அதுவரைக்கும் நீங்க எங்க பயிற்றுநர். ஒப்புதல் வராத பாடம் எதையும் செஞ்சுடாதீங்க, விலகலே செல்லாமப் போயிடும்.”

பொம்மை வாங்க முடியாத இயக்ககம் விழாவுக்குத் துணிப் பதாகையும் ஒலிபெருக்கியும் கேடயமும் டீக்காரரும் கொண்டுவர அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. கூடத்திலேயே மேடை. மேடைக்குக் கீழே, கட்டிலில் மல்லாந்தபடி அக்கா. நர்சம்மா கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். டீக்காரர் தட்டோடு சுற்றிவந்தார். இயக்குநர் பேசினார்.

“ஒரு பணியாளர் சேருறப்ப சந்தோஷப்படுறது சாதாரண நிறுவனம். இதோ, இந்த அம்மா நம்ம களத்துலயே தலைசிறந்தவங்க. தலைசிறந்தவங்கன்னு தெரிஞ்ச நிமிஷமே களத்துலருந்து எடுத்தோம். எடுத்து, இந்த வேலை மேல அவங்களுக்கு இருந்த பிடிப்பை ஒவ்வொரு கட்டமா...”

“நர்சம்மா,” என்றாள் அக்கா. டீ நேரம், பேச அவளுக்கு உரிமை இருந்தது. குரலில் கேலி இல்லை, பேரம் இல்லை. “எரியுதும்மா. ரொம்ப எரியுது.”

நர்சம்மா எழுந்தார். கேடயம் மடியிலிருந்து விழுந்து உருண்டது. அவர் மேடையிலிருந்து இறங்கும் வழியில் இயக்குநரின் நாற்காலியிலிருந்த மெத்தையை உருவிக்கொண்டார். அக்காவின் தோளுக்கும் இடுப்புக்கும் கை கொடுத்து, காதில் ஏதோ சொல்லி, வலப்பக்கமாகத் திருப்பினார். மெத்தையை முதுகுக்கு அணை கொடுத்தார். கையை எடுத்தார். அக்கா விழவில்லை.

மேற்பார்வை அதிகாரி இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் ஒரு நொடி நின்றார். பிறகு அனுபவம் கைகொடுத்தது. பலமாகக் கை தட்டினார். நூறு பேரும் தட்டினார்கள்.

“பார்த்தீங்களா,” என்றார் ஒலிபெருக்கியில், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “இப்படிப்பட்ட ஒருத்தரைத்தான் இழக்கப் போறோம்னு நான் முன்னாடியே திட்டம் போட்டிருந்தேன்.”

“தம்பி,” என்றாள் அக்கா, “நன்கொடை கேட்க ஆரம்பிக்கிறதுக்குள்ள என்னைக் கொண்டுபோடா.”

வாசலில் சுமைதூக்கிகள் உட்கார்ந்திருந்தார்கள். எழுந்திருக்கவில்லை. பயிற்றுநர் விலகிவிட்டதால் பயிற்சி இல்லை, பயிற்சி இல்லாமல் இது பயிற்சிப் பொருளும் இல்லை. நோயாளியைத் தூக்க அவர்களுக்கு உத்தரவு கிடையாது. நர்சம்மா தலைமாட்டில் கட்டிலின் ஒரு முனையைப் பிடித்தார். டீ குடிக்க மேலே வந்திருந்த வேன் ஓட்டுநர் இன்னொரு முனையை. கால்மாட்டில், ஆபரேஷன் ஆன வயிற்றை எக்கிக்கொண்டு பூட்டுக்கடைக்காரர். நான்காவது முனையை, தட்டைத் தரையில் வைத்துவிட்டு வந்து டீக்காரர் பிடித்தார்.

இரண்டாம் மாடிக்கு இறங்குவதற்குள் பூட்டுக்கடைக்காரரின் கால்கள் நடுங்க ஆரம்பித்தன. கட்டில் ஒரு பக்கம் சரிந்தது. நர்சம்மா முழங்காலைக் கொடுத்து நிறுத்திக்கொண்டு மேலே பார்த்தார். மூன்றாம் மாடிக் கைப்பிடிச் சுவர் நெடுக நூறு பேரும் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெரும்பாலோரை அவருக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியும்.

“யாராவது ஒரு கை கொடுங்கப்பா.”

“படிக்கட்டுப் பாடம் இன்னும் நடத்தலீங்களே,” என்றது ஒரு குரல். வருத்தமான குரல்தான்.

அவர் மறுபடி கேட்கவில்லை. நான்கு பேரும் பிடியை மாற்றிக்கொண்டு அடுத்த படியில் கால் வைத்தார்கள். மேலே குறிப்பேடுகள் திறக்கிற சத்தம் கேட்டது.

“நர்சம்மா, அந்தத் திருப்பத்துல மட்டும் கொஞ்சம் நின்னு போங்க,” என்று இன்னொரு குரல் வந்தது. “எழுதிக்கிறோம்.”